புரையேறினால் என்ன செய்வது?

உண்ணும்போது புரையேறினால், “யாரோ நினைக்கிறார்கள்” என்று சொல்லி உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டுவது நம் வீடுகளில் வழக்கம். ரயிலில் இரண்டு நாள் தொலைவில் வந்து விடுதிச் சோறு உண்ணும் நமக்கோ, புரையேறும்போதெல்லாம் அம்மாவின் முகமே நினைவுக்கு வருகிறது. அந்த நினைப்பில் ஓர் இனிமை உண்டு. அதைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் தலையில் தட்டுவதால் புரை இறங்குவதில்லை. இருமல்தான் அதை நீக்குகிறது. இருமவே முடியாத நிலை ஒன்றும் உண்டு. அப்போது அருகில் இருப்பவருக்கு என்ன செய்வது என்று தெரியாவிட்டால், ஓர் உயிர் சில நிமிடங்களில் போய்விடும்.

இதை நான் நூலில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விருந்தில் கண்ணால் கண்டேன். பந்தியில் என் எதிரே அமர்ந்திருந்த நண்பர் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார். அவர் வாயில் பாதி மென்ற வடை இருந்தது. சிரிப்பு சட்டென்று நின்றது. எழுந்தார், இரண்டு கைகளாலும் கழுத்தைப் பற்றிக்கொண்டார். வாய் திறந்திருந்தது, ஓசை இல்லை. அவர் வேடிக்கை செய்கிறார் என்றே முதலில் எண்ணினோம். பிறகு ஒருவர் தலையில் தட்டினார். ஒருவர், “தண்ணீர், தண்ணீர்!” என்று குவளையை நீட்டினார். இன்னொருவர் அவர் வாய்க்குள் விரலை விடப் பார்த்தார். நானோ மருத்துவ மாணவன். குரல்வளையில் ஒன்பது குருத்தெலும்புகள் என்பதையும் அவற்றின் பெயர்களையும் அதற்கு முந்தைய வாரந்தான் உருப்போட்டிருந்தேன். அந்த ஒன்பதும் மனத்தில் வரிசையாக நின்றன. கைகள் மட்டும் அசையவில்லை.

நல்லவேளையாக, வரலாறு படிக்கும் அண்ணன் ஒருவர் அடுத்த பந்திக்காகக் காத்திருந்தார். தேசிய மாணவர் படையில் முதலுதவி பயின்றவர். கூட்டத்தை விலக்கி வந்து நண்பரை முன்னால் குனிய வைத்து முதுகில் ஐந்து அடி அடித்தார். பயனில்லை. பின்புறம் நின்று வயிற்றைக் கட்டி, உள்ளும் மேலுமாக அழுத்தினார். மூன்றாம் அழுத்தில் வடைத் துண்டு இலையில் வந்து விழுந்தது. நண்பர் மூச்சை இழுத்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த அண்ணன் செய்தது மந்திரம் அன்று. உடலின் அமைப்பை அறிந்தால் எவரும் செய்யக்கூடியதே. அந்த அமைப்பை முதலில் காண்போம்.

ஒரு கடவு, இரண்டு பாதைகள்

மூக்கின் வழியே வரும் காற்றும் வாயின் வழியே வரும் உணவும் தொண்டை என்னும் ஒரே கூடத்தில் வந்து சேர்கின்றன. அங்கிருந்து இரண்டு குழல்கள் கீழே இறங்குகின்றன. முன்னால் இருப்பது மூச்சுக்குழல். அதற்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டி இருப்பது உணவுக்குழல். மூக்கு வாய்க்கு மேலே இருக்கிறது. ஆனால் காற்றுப் போக வேண்டிய குழலோ முன்னால் இருக்கிறது. ஆகவே தொண்டையில் காற்றின் வழியும் உணவின் வழியும் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்தே ஆகவேண்டும். நாம் விழுங்கும் ஒவ்வொரு பருக்கையும் மூச்சுக்குழலின் வாயிலைத் தாண்டியே வயிற்றுக்குப் போகிறது என்னும் இந்த விந்தையை, டார்வின் 1859-இல் வெளியிட்ட தம் நூலிலேயே சுட்டிக் காட்டியிருக்கிறார்.

சாலையை ரயில் பாதை குறுக்கிடும் இடத்தில் ஒரு கதவு இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று, சாலையில் ஓயாமல் போகும் வண்டிகளைப் போன்றது. உணவு, எப்போதாவது வரும் ரயிலைப் போன்றது. ரயில் வரும்போது சாலைக் கதவை மூடவேண்டும்; போனதும் திறக்கவேண்டும். அந்தக் கதவுகாப்போன் வேலையைச் செய்வது குரல்வளை. கழுத்தின் முன்புறம் நாம் பேச்சில் ‘சங்கு’ என்கிறோமே, அந்த மேடுதான் அதன் முன்பகுதி. அதன்மீது விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை மேலே ஏறி இறங்குவது தெரியும். அது ஏறும்போது குரல்வளை மூடி என்னும் இலை போன்ற குருத்தெலும்பு பின்னால் மடிந்து வாயிலை மறைக்கிறது. உள்ளே குரல் நாண்கள் இரண்டும் நெருங்கி இறுக மூடிக்கொள்கின்றன. ஏறத்தாழ ஒரு நொடி மூச்சு நின்று, உணவு பின்புறமாக வழுக்கி உணவுக்குழலில் இறங்குகிறது. பிறகு கதவு திறக்கிறது.

பேச்சும் சிரிப்பும் இந்த ஒழுங்கைக் கெடுக்கின்றன. சிரித்து முடித்தவுடன் நாம் மூச்சை வேகமாக உள்ளே இழுக்கிறோம். அப்போது கதவு திறந்திருக்கிறது. வாயில் உணவும் இருக்கிறது. “வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசாதே” என்று பாட்டிமார் கண்டிப்பது வெறும் பந்தி ஒழுக்கம் அன்று. அதற்கு உடற்கூற்றிலும் பொருள் இருக்கிறது.

குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழல் தொடங்குகிறது. வளர்ந்தவர்க்கு அது ஏறக்குறைய 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம்; விட்டம் 2 சென்டிமீட்டர் அளவே. அது நசுங்கிவிடாமல் 16 முதல் 20 வரையுள்ள குருத்தெலும்பு வளையங்கள் தாங்குகின்றன. வளையங்கள் முழுவட்டம் அல்ல; குதிரை லாடம்போல் பின்புறம் திறந்தவை. மார்புக்குள் அது இரண்டாகக் கிளைக்கிறது. வலக் கிளை இடக் கிளையைவிட அகலமானது, செங்குத்தானது. ஆகவே தவறி உள்ளே போகும் சிறு பொருள்கள் வலப்புறமே மிகுதியாகச் சிக்குகின்றன. கிளைகள் மேலும் மேலும் பிரிந்து, கடைசியில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகளில் முடிகின்றன. பிராணவாயு இரத்தத்தில் சேர்வதும் கரியமிலவாயு வெளியேறுவதும் அங்கேதான்.

அமைதியாக இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் காற்று போய் வருகிறது. ஆனால் மூச்சை வெளிவிட்ட பிறகும் நுரையீரல் காலியாவதில்லை. இரண்டு லிட்டருக்கு மேல் காற்று எஞ்சி நிற்கிறது. இதை மறவாதீர்கள். உயிரைக் காக்கப் பயன்படும் முதல் இந்தக் கையிருப்புத்தான்.

இருமுகிறவரும் இருமாதவரும்

குரல் என்பது காற்று. நுரையீரலிலிருந்து மேலேறும் காற்று குரல் நாண்களை அதிரச் செய்வதால்தான் ஒலி பிறக்கிறது. எனவே ஒருவர் பேசுகிறார் என்றால் அவர் மூச்சுவழி திறந்திருக்கிறது என்று பொருள். உரக்க இருமுகிறார் என்றாலும் அதே பொருள். முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிந்து, பந்தியே திரும்பிப் பார்க்கும்படி இருமுகிறாரே, அவரைக் கண்டு நாம் பதறுகிறோம். உண்மையில் அவர் தம்மைத் தாமே காத்துக்கொள்கிறார். இருமலைவிட வலிய மருந்து நம் கையில் இல்லை. “நன்றாக இருமுங்கள்” என்று ஊக்கி, அருகிலேயே நில்லுங்கள், போதும்.

அஞ்ச வேண்டியது அமைதியைக் கண்டுதான். வழி முழுதும் அடைபட்டவர் கூவ மாட்டார்; கூவ முடியாது. கைகள் கழுத்தைப் பற்றும். இருமல் ஓசையற்றுப் போகும். அல்லது கீச்சென்ற மெல்லிய ஒலி மட்டும் வரும். மார்பும் வயிறும் மூச்சுக்காகத் துடிக்கும், காற்றோ நுழையாது. சிறிது நேரத்தில் உதடு நீலம் பாரிக்கும். நம்மைப் போன்ற கருநிறத்தார்க்கு உதட்டின் உட்புறத்திலும் நாக்கிலும் நகக்கண்ணிலும் அந்த நீலத்தைப் பார்க்கவேண்டும். ஆனால் நீலம் தோன்றும் வரை காத்திருத்தல் கூடாது. பிராணவாயு இல்லாமல் நான்கைந்து நிமிடம் கழிந்தால் மூளைக்கு மீளாத கேடு தொடங்கிவிடும்.

ஐயமிருந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: “தொண்டையில் அடைத்துக்கொண்டதா?” அவர் வாய் திறந்து விடை சொன்னால் நேரம் இருக்கிறது. தலையை மட்டும் அசைத்தால் நேரம் இல்லை. நம் விடுதியில் எல்லாரும் தமிழர் அல்லர், ஆகவே இந்தியிலும் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்: “கலே மே குச் அட்கா ஹை?”

ஒரு எச்சரிக்கை. புரையேறியவர்களுள் சிலர் வெட்கத்தால் எழுந்து கழிவறைப் பக்கம் போய்விடுவர். அங்கே தனியே மயங்கி விழுந்தால் காப்பார் இல்லை. அப்படி ஒருவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பந்தியை விட்டு எழுந்தால் பின்தொடர்ந்து போங்கள்.

உணவு விடுதிகளில் உண்ணும்போதே திடீரென்று விழுந்து இறந்தவர்களை மருத்துவ உலகமே நெடுங்காலம் மாரடைப்பால் இறந்தவர்கள் என்று கருதியது. 1963-இல் ராஜர் ஹாகன் என்னும் அமெரிக்க மருத்துவர், அத்தகையோர் சிலரின் உடல்களைச் சோதித்து, அவர்கள் தொண்டையில் உணவுக் கட்டி அடைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். மாரடைப்பு வந்தவர் பெரும்பாலும் “நெஞ்சு வலிக்கிறது” என்று வாயால் சொல்வார். மூச்சுவழி அடைபட்டவரால் அதைச் சொல்ல முடியாது. இவ்வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

துருத்தியும் அடைப்பும்

கொல்லன் உலைத் துருத்தியின் மூக்கில் ஒரு தக்கையைச் செருகி, துருத்தியை ஓங்கி அழுத்தினால் என்ன ஆகும்? உள்ளிருக்கும் காற்று தக்கையைத் தெறிக்கச் செய்யும். 1974-இல் ஹென்றி ஹைம்லிக் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் வெளியிட்ட முறை இதுவே. வயிற்றை உள்ளும் மேலுமாக அழுத்தினால் மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் மேலெழும்புகிறது. நுரையீரலில் எஞ்சி நிற்கிறது என்று மேலே சொன்னேனே, அந்தக் கையிருப்புக் காற்று வேகமாக வெளியேறி, அடைப்பைத் தள்ளுகிறது. உடலே செய்ய இயலாத இருமலை நம் கை செய்துவைக்கிறது.

முதுகில் அடிப்பது தீங்கு என்று ஹைம்லிக் வாதிட்டார். அதனால் அமெரிக்க நெறிமுறைகள் பல ஆண்டுகள் முதுகடியை வளர்ந்தவர்க்கு விலக்கியே வைத்திருந்தன. பின்னர்க் கிடைத்த அனுபவம் அவர் அச்சத்தை உறுதிசெய்யவில்லை. 2025-இல் அமெரிக்க இருதயச் சங்கம் வெளியிட்ட நெறிமுறை, முதலில் ஐந்து முதுகடி, பிறகு ஐந்து வயிற்றழுத்தம் என்று மாற்றி மாற்றிச் செய்யச் சொல்கிறது. செய்முறை வருமாறு:

முதலாவது, உதவிக்குக் கூவுங்கள். ஒருவரைச் சுட்டி, 112-ஐ அழைக்கச் சொல்லுங்கள். “யாராவது கூப்பிடுங்கள்” என்றால் எவரும் கூப்பிட மாட்டார்.

இரண்டாவது, அவருக்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்னால் நின்று, ஒரு கையால் மார்பைத் தாங்கி, நன்றாக முன்னால் குனிய வையுங்கள். நிமிர்ந்திருந்தால் பொருள் மேலும் உள்ளே இறங்கக்கூடும். தோள்பட்டை எலும்புகள் இரண்டுக்கும் நடுவே, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை வலுவாக அடியுங்கள். செல்லத் தட்டு உதவாது. ஒவ்வோர் அடிக்கும் பின் அடைப்பு வெளிவந்ததா என்று பாருங்கள்.

மூன்றாவது, வராவிட்டால் அவருக்குப் பின்னால் நின்று கைகளை அவர் இடுப்பைச் சுற்றிக் கொடுங்கள். ஒரு கையை முட்டியாக மடக்கி, தொப்புளுக்குச் சற்று மேலே, நெஞ்செலும்பின் நுனிக்கு நன்கு கீழே வையுங்கள். மறு கையால் அம்முட்டியைப் பற்றி, உள்ளும் மேலுமாக ஐந்து முறை வெட்டியிழுங்கள். அடைப்பு நீங்கும் வரை, அல்லது அவர் நினைவிழக்கும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

கருவுற்ற பெண்களுக்கும், கை கட்ட முடியாத அளவு பருத்தவர்க்கும் வயிற்றை விட்டு, மார்பின் நடுவே அழுத்தவேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு வயிற்றழுத்தம் கூடவே கூடாது. தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் கவிழ்த்து முதுகில் ஐந்து அடி. பின் மல்லாத்தி மார்பின் நடுவே ஐந்து அழுத்தம். யாருமில்லாத அறையில் உங்களுக்கே நேர்ந்தால், நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் மேல்வயிற்றைப் பொருத்தி, உடலை வேகமாக அதன்மேல் அழுத்துங்கள்.

நினைவிழந்து சாய்ந்தால் தரையில் மெல்லக் கிடத்தி, மார்பின் நடுவே இரு கைகளாலும் அழுத்தத் தொடங்குங்கள். குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை வேகம். 30 அழுத்தம் ஆனதும் வாயைத் திறந்து பாருங்கள். பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். பயின்றவரானால் இரண்டு முறை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மீண்டும் அழுத்துங்கள். மருத்துவ உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

பந்தியில் நாங்கள் செய்த மூன்றும் தவறு என்பது இப்போது விளங்கும். தலைத் தட்டு பொருளைத் தொடுவதே இல்லை. அடைபட்ட தொண்டையில் ஊற்றிய நீருக்குப் போக வழியில்லை. காணாமல் விரலை விட்டுத் துழாவினால் பொருள் இன்னும் ஆழத்தில் போய்ச் சிக்கும். மேலும், அடைப்பு நீங்கிவிட்டதே என்று அவரை அறைக்கு அனுப்பிவிடக் கூடாது. வயிற்றழுத்தம் உள்ளுறுப்புகளுக்கு ஊறு செய்திருக்கலாம். துணுக்கு ஏதேனும் கீழே தங்கியிருக்கலாம். மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

நாக்கும் வீக்கமும்

மூச்சுவழியை அடைப்பது வெளிப்பொருள் மட்டுமன்று. மயங்கி மல்லாந்து கிடப்பவரின் தசைகள் தளர்ந்து, அவர் நாக்கே பின்னால் சரிந்து வழியை மறிக்கும். அப்போது எழும் குறட்டை நல்ல உறக்கத்தின் குறட்டை அன்று. நெற்றியில் ஒரு கை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயை மேலே தூக்கினால் நாக்கு விலகும். மூச்சுச் சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுத்தாலும் வெளியே வழிந்துவிடும். குடித்துவிட்டு வந்த அறைத்தோழரை “உறங்கட்டும்” என்று மல்லாந்த நிலையில் விட்டுக் கதவைச் சாத்துவது பெரும் தவறு. வலிப்பு வந்தவர் வாயில் கரண்டி திணிப்பதும் அப்படியே. கையில் சாவிக்கொத்துக் கொடுப்பதால் பயன் ஒன்றுமில்லை. வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துக் கிடத்துவதே உதவி.

மூன்றாவது பகை வீக்கம். தேனீக் கொட்டு, நிலக்கடலை, சில மருந்துகள் ஆகியவை ஒவ்வாதவர்க்கு உதடும் நாக்கும் தொண்டையும் வீங்கும், உடலெங்கும் தடிப்பு எழும், குரல் கரகரக்கும். இதற்கு முதுகடியும் வயிற்றழுத்தமும் பயன்படா. அட்ரினலின் ஊசி ஒன்றே விரைந்து காக்கும் மருந்து. ஆதலால் கணமும் தாழ்க்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஒலியும் வழிகாட்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சொலி எழுந்தால் இடுக்கம் குரல்வளைப் பக்கம் இருக்கிறது என்று ஊகிக்கலாம். வெளியே விடும்போது விசில்போல் இழுப்பு எழுந்தால் அது பெரும்பாலும் ஆஸ்துமாபோல் கீழ்க்கிளைகளின் இடுக்கம். ஆஸ்துமாக்காரரைப் படுக்க வைக்காதீர்கள். சற்று முன்சாய்ந்து உட்காரவிட்டு, அவருடைய இன்ஹேலரை எடுத்துக் கொடுங்கள். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் திணறினால், அல்லது மருந்துக்கும் இழுப்பு அடங்காவிட்டால், அப்போதே ஊர்தியை அழையுங்கள்.

நண்பர்களே, இவ்வளவையும் ஒருமுறை படித்தால் நினைவில் நில்லாது என்பதற்கு நானே சான்று. ஒன்பது குருத்தெலும்புகளை அறிந்த நான் சும்மா நின்றேன்; ஓர் அரசரின் ஆட்சியாண்டுகளை ஆராயும் அண்ணன் ஓர் உயிரைக் காத்தார். அவர் கைக்குப் பழக்கம் இருந்தது. என் கைக்கு இல்லை. ஆகவே சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தருமாறு செயலாளரை வேண்டுகிறேன். மருத்துவம் பயிலும் நாங்கள் பயிற்சி பெற்ற ஆசிரியரை அழைத்து வருகிறோம். பயிற்சிக்கு உயிருள்ளவர் வயிற்றை அழுத்தக் கூடாது. அதற்கெனப் பொம்மை உண்டு, அதையும் கொண்டுவருகிறோம்.

வடை உண்ட நண்பர் இப்போது நலம். பந்தியில் அவர் இன்றும் சிரிக்கிறார். விழுங்கிய பிறகு சிரிக்கிறார். வரும் பொங்கலுக்கும் நாம் கூடுவோம். பேச்சும் சிரிப்பும் குறையப்போவதில்லை. அந்த ஆரவாரத்தினிடையே உங்கள் பக்கத்து இலைக்காரர் சட்டென்று அமைதியானால், ஒரு கணம் திரும்பி அவர் முகத்தைப் பாருங்கள்.